பொருள் சொன்னால்தான் புள்ளி



குடும்பப் பிணக்கு, சேமிப்பு, பிள்ளை வளர்ப்பு என்று பாரமான விடயங்களையே இந்தப் பக்கத்தில் வழமையாகப் பேசி வருகிறோம். இம்மாதம் ஒரு விளையாட்டைப் பற்றி எழுதப் போகிறேன். விளையாட்டுத்தானே என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். எங்கள் பெண் பிள்ளைகள் பலரின் வாயைப் பூட்டி வைத்திருக்கும் ஒரு பூட்டுக்கு இதில் திறப்பு இருக்கிறது.

அந்தப் பூட்டு ஆங்கிலப் பயம். என் தொழில் காரணமாக மாதம் முழுவதும் வீடு வீடாகப் போகிறேன். உயர்தரம் சித்தியடைந்த பிள்ளை, விண்ணப்பப் படிவம் ஆங்கிலத்தில் இருக்கிறது என்பதற்காக அதை நிரப்பாமலே மடித்து வைத்திருப்பாள். வங்கியிலிருந்து வந்த கடிதத்தைத் தூக்கிக்கொண்டு அயல்வீட்டு மாஸ்ரரைத் தேடிப் போகும் தாய்மார் இருக்கிறார்கள். அந்தக் கடிதத்தில் தன் கடன் விபரம் முழுவதும் இருக்கிறது, அதை இன்னொருவர் படித்துவிட்டார் என்ற கூச்சத்தோடு திரும்பி வருவார்கள். ஒரு நேர்முகப் பரீட்சையில் தன் உச்சரிப்பைக் கேட்டுச் சிரித்தார்கள் என்பதற்காக, அதற்குப் பிறகு எந்த நேர்முகத்துக்கும் போகாத ஒரு பிள்ளையையும் எனக்குத் தெரியும். கணக்கில் கெட்டிக்காரி. இப்போது வீட்டில் தையல் தைக்கிறாள்.

இது எங்களுக்கு மட்டும் உள்ள நோய் அல்ல. சிங்களத்தில் ஆங்கிலத்துக்குக் ‘கடுவ’ என்று ஒரு பட்டப்பெயர் உண்டு. வாள் என்பது அதன் பொருள். பல்கலைக்கழக மாணவர் மத்தியில் புழங்கிய சொல் அது. மொழியியல் அறிஞர் திரு. கந்தையா 1984இல் இந்தச் சொல்லையே தலைப்பில் வைத்து, இலங்கையில் ஆங்கிலம் எப்படி அதிகாரத்தின் ஆயுதமாக வேலை செய்கிறது என்று ஒரு கட்டுரை எழுதினார். வாளை வைத்திருப்பவன் வெட்டுவான், இல்லாதவன் ஒதுங்கி நிற்பான். எங்கள் ஊரில் பெரும்பாலும் ஒதுங்கி நிற்பவள் பெண்.

ரியூசன் வகுப்புகளால் இந்தப் பயம் தீர்வதாக எனக்குத் தெரியவில்லை. அங்கும் பிழை விட்டால் வெட்கம். ஆனால் விளையாட்டில் பிழை விட்டால் சிரிப்பு. அந்த நம்பிக்கையில்தான் வடமராட்சிக் கரையோரக் கிராமம் ஒன்றின் சனசமூக நிலையத்தில் சனிக்கிழமைப் பின்னேரங்களில் ஸ்கிரபிள் பலகையை விரித்தோம்.

ஒரு கட்டடக் கலைஞரின் பலகை

ஸ்கிரபிள் பற்றி அறியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1930களில் அமெரிக்காவில் பொருளாதாரம் வீழ்ந்தபோது வேலை இழந்தவர்களில் ஒருவர் அல்பிரட் பட்ஸ் என்ற கட்டடக் கலைஞர். வேலையில்லாத நாட்களில் அவர் இந்த விளையாட்டை உருவாக்கினார். பத்திரிகையின் முன்பக்கத்தை எடுத்து எந்த எழுத்து எத்தனை தடவை வருகிறது என்று எண்ணினார். அடிக்கடி வரும் எழுத்துக்குக் குறைந்த புள்ளி, அரிதாக வரும் எழுத்துக்குக் கூடிய புள்ளி கொடுத்தார். ஸ்கிரபிள் என்ற பெயர் 1948இல் வந்தது.

பலகையில் நீளத்துக்கு 15, அகலத்துக்கு 15 என்று 225 கட்டங்கள். மொத்தம் 100 காய்கள். ஒவ்வொருவர் கையிலும் ஏழு காய்கள் இருக்கும். அவற்றைக் கொண்டு, பலகையில் ஏற்கெனவே உள்ள சொல்லோடு பொருந்தும்படி புதுச் சொல் கட்ட வேண்டும். ஏழு காய்களையும் ஒரே முறையில் வைத்துவிட்டால் மேலதிகமாக 50 புள்ளிகள்.

இசட் என்றால் எங்கள் பிள்ளைகளுக்குப் பல்கலைக்கழக அனுமதிக்கான இசட் புள்ளிதான் நினைவுக்கு வரும். இந்தப் பலகையில் இசட் எழுத்துக்குப் பத்துப் புள்ளி. கியூ எழுத்துக்கும் பத்து. ஆகவே அவை கையில் வந்ததும் எல்லோரும் விசித்திரமான சிறு சொற்களைத் தேடுவார்கள். அப்படிப்பட்ட சொற்கள் சில பாருங்கள்.

கியூ, ஐ என்ற இரண்டு எழுத்து மட்டும் சேர்ந்தால் ஒரு சொல். ‘சீ’ என்று உச்சரிக்க வேண்டும். உடலில் ஓடும் உயிர்ச்சக்தி என்று சீனர் சொல்வது இது. இசட், ஓ என்பது இமயமலைப் பக்கத்தில் கவரிமாவையும் பசுவையும் கலந்து பெறும் விலங்கு. ஏ, ஏ என்று இரண்டு தரம் வைத்தால் ஹவாய்த் தீவில் எரிமலை கக்கும் கரடுமுரடான குழம்புப் பாறை. இன்று ஏ.ஐ. என்றால் செயற்கை நுண்ணறிவு என்று பாலர் வகுப்புப் பிள்ளையும் சொல்லும். பலகையில் சுருக்கெழுத்துக்கு இடமில்லை, ஆனாலும் அந்தச் சொல் செல்லும். மரத்தில் தொங்கும் மூன்று விரல் அசமந்த விலங்கு ஒன்றுக்கு அது பெயர். சீ, டபிள்யூ, எம் என்று உயிரெழுத்தே இல்லாத சொல் ஒன்றும் உண்டு. ‘கும்’ என்று உச்சரிக்கும் அந்தச் சொல் வேல்ஸ் மொழியிலிருந்து வந்தது, மலைப் பள்ளத்தாக்கைக் குறிக்கும்.

ஓ, எம் என்பதும் செல்லும். பிரணவ மந்திரம் என்று அகராதி பொருள் சொல்கிறது. எங்கள் ஊரில் ‘ஓம்’ என்பது நாளைக்கு நூறு தரம் சொல்லும் ‘ஆம்’. இதை அறிந்த அன்று எங்கள் நிலையத்தில் பெரிய சிரிப்பு. “அப்ப நாங்கள் பிறந்ததில இருந்து இங்கிலீசுதான் கதைக்கிறம் போல” என்றார் ஓர் அம்மா.

மொழி தெரியாத சம்பியன்

இந்தச் சொற்களை எல்லாம் பொருள் தெரியாமலே மனப்பாடம் செய்து வெல்ல முடியும். நியூசிலாந்தைச் சேர்ந்த நைஜல் ரிச்சர்ட்ஸ் என்பவர் ஆங்கில ஸ்கிரபிளில் பல தடவை உலக சம்பியன். அவர் 2015இல் பிரெஞ்சு மொழிச் சம்பியன் பட்டத்தையும் வென்றார். அவருக்குப் பிரெஞ்சு பேச வராது. சில வாரங்களில் பிரெஞ்சுச் சொற்பட்டியலைப் படித்து மனதில் ஏற்றிக்கொண்டு போய் வென்றார். 2024இல் ஸ்பானிய மொழிச் சம்பியன் பட்டத்தையும் அப்படியே வென்றார். தாய்லாந்து வீரர்கள் 2003இலும் 2009இலும் ஆங்கில ஸ்கிரபிள் உலக சம்பியன்களானார்கள். ஆங்கிலம் அங்கே தாய்மொழி அல்ல.

இதிலிருந்து எங்கள் பிள்ளைகளுக்கு இரண்டு செய்திகள் உண்டு. ஒன்று, ஆங்கிலச் சொற்கள் ஆங்கிலேயரின் தனிச் சொத்து அல்ல. உழைத்துப் படித்தால் எவரும் அவர்களின் மேசையிலேயே அவர்களை வெல்லலாம். மற்றது, சொற்பட்டியலைப் பாடமாக்குவது வேறு, மொழி வருவது வேறு. ரிச்சர்ட்ஸ் அவர்களுக்குப் பிரெஞ்சு தேவையில்லை, கிண்ணம் போதும். எங்கள் பிள்ளைக்குக் கிண்ணம் தேவையில்லை. படிவத்தை வாசித்து விளங்கிக்கொள்ள வேண்டும், கேட்ட கேள்விக்குத் தலைநிமிர்ந்து பதில் சொல்ல வேண்டும்.

ஆகவே எங்கள் நிலையத்தில் ஒரு சட்டம் போட்டோம். பலகையில் வைத்த சொல்லின் பொருளைத் தமிழில் சொன்னால்தான் புள்ளி. சொல்லத் தெரியாவிட்டால் அகராதியைப் பார்க்கலாம், பக்கத்தில் இருப்பவரைக் கேட்கலாம், அதில் குற்றமில்லை. ஆனால் பொருள் சொல்லாமல் புள்ளி எழுதப்படாது. அதோடு இன்னொன்றும் செய்தோம். பிள்ளைகளைத் தனியே விளையாட விடாமல் தாயும் மகளும், மாமியும் மருமகளும், பேத்தியும் பாட்டியும் என்று சோடி சேர்த்தோம்.

தும்புக்குக் கயிறு என்று பெயர்

சோடி சேர்த்ததன் பலன் மூன்றாம் கிழமை தெரிந்தது. உயர்தர வகுப்புப் பிள்ளை ஒருத்தி சீ, ஓ, ஐ, ஆர் என்ற நான்கு காய்களை வைத்தாள். ‘கொயர்’. எங்கோ பட்டியலில் பார்த்த சொல். பொருள் கேட்டபோது அவளுக்குத் தெரியவில்லை. அகராதியில் தேடி, தேங்காய் மட்டையிலிருந்து எடுக்கும் நார் என்று வாசித்தாள். தமிழில் கயிறு என்றும் மலையாளத்தில் கயர் என்றும் சொல்வதிலிருந்து வந்த சொல் என்று நான் விளக்கினேன்.

அவளுடைய அம்மம்மா ஆறாம் வகுப்போடு பாடசாலையை விட்டவர். நாற்பது வருடமாகத் தும்புத் தொழில் செய்தவர். அதுவரை பேசாமல் இருந்தவர் வாய் திறந்தார்.

“பிள்ளை, இது இங்கிலீசுச் சொல்லோ?”

“ஓம் அம்மா. இங்கேயிருந்து போன சொல்.”

“அப்ப ஏன் பிழையாச் சொல்லுகினம்? மட்டையை ஊறப்போட்டு அடிச்சு எடுக்கிறது தும்பு. அதைத் திரிச்சால்தான் கயிறு. தும்புக்குப் போய்க் கயிறு எண்டு பேர் வைச்சிருக்கினமே!”

அவர் சொன்னது முற்றிலும் சரி. எங்களிடம் திரித்து முடித்த பொருளுக்கு இருந்த பெயர், ஆங்கிலத்துக்குப் போனபோது திரிக்காத நாருக்கு ஆகிவிட்டது. கப்பலில் ஏற்றியவனுக்கும் வாங்கியவனுக்கும் வித்தியாசம் முக்கியமாக இருக்கவில்லை. மட்டையை ஊறப்போட்டவளுக்குத் தெரியும். பிறகு அந்த அம்மா, நல்ல மட்டை எது, எத்தனை காலம் தண்ணீரில் கிடக்க வேண்டும், உள்ளங்கை எப்படிப் புண்ணாகும் என்று அரை மணித்தியாலம் சொன்னார். பேத்தி அதுவரை தன் அம்மம்மாவிடம் இதைக் கேட்டதே இல்லையாம். அன்று பலகையில் அந்தச் சொல்லுக்குக் கிடைத்தது ஆறு புள்ளிதான்.

வளவுக்குள்ளே ஏழெழுத்து

அதற்குப் பிறகு இப்படிப்பட்ட சொற்களை நாங்களே தேடத் தொடங்கினோம். ஏழு காய்களையும் ஒரே தடவையில் வைத்தால் 50 புள்ளிகள் என்று சொன்னேன் அல்லவா? எங்கள் வீட்டு வளவுக்குள் நின்று பார்த்தாலே ஏழெழுத்து ஆங்கிலச் சொற்கள் ஐந்து கிடைக்கின்றன. பலகையின் சிறப்புக் கட்டங்களை விட்டு, வெறும் காய்களுக்கு மட்டும் கணக்குப் பார்ப்போம்.

முதலாவது பனை. பீ, ஏ, எல், எம், வை, ஆர், ஏ. ‘பல்மைரா’. காய்களுக்கு 14, மேலதிகம் 50, மொத்தம் 64. இது தமிழ்ச் சொல் அல்ல. போர்த்துக்கேயர் தங்கள் மொழியில் பனை இனத்து மரங்களுக்குச் சொல்லும் ‘பல்மெய்ரா’ என்ற பெயரால் எங்கள் மரத்தையும் அழைத்தார்கள். ஆங்கிலேயர் அதைக் கேட்டு, சிரியாவில் உள்ள பல்மைரா என்ற பழைய நகரின் பெயரைப் போல எழுதிவிட்டார்கள். எங்கள் கற்பகதருவுக்கும் அந்த நகருக்கும் வேறு உறவு இல்லை.

இரண்டாவது பனங்கட்டி. ஜே, ஏ, ஜீ, ஜீ, ஈ, ஆர், வை. ‘ஜாகரி’. காய்களுக்கு 19, மொத்தம் 69. ஐந்திலும் கூடிய புள்ளி இதற்குத்தான். சமஸ்கிருதத்தில் சர்க்கரா, தமிழில் சர்க்கரை, மலையாளத்தில் சக்கரை, போர்த்துக்கேயர் வாயில் ஜாகரா, ஆங்கிலத்தில் ஜாகரி. அதே சர்க்கரா அரபு வழியாக மேற்கே போய் ஆங்கிலத்தில் ‘சுகர்’ ஆனது. ஆக, ஆங்கிலத்தில் வெள்ளைச் சீனிக்கும் பனங்கட்டிக்கும் உள்ள பெயர்கள் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். ஒன்று அரபு வழியாகவும் மற்றது போர்த்துக்கேய வழியாகவும் போயின.

மூன்றாவது சுருட்டு. சீ, எச், ஈ, ஆர், ஓ, ஓ, ரீ. ‘செரூட்’. மொத்தம் 62. சுருட்டுவதால் சுருட்டு. யாழ்ப்பாணப் புகையிலை ஒரு காலத்தில் திருவிதாங்கூருக்குப் போனது, சுருட்டு தென்னிலங்கைக்குப் போனது. அந்தக் காசில் இங்கு கல்வீடுகள் எழுந்தன என்று பெரியவர்கள் சொல்வார்கள். சுருட்டால் வந்த நெஞ்சு நோயையும் அவர்களே சொல்ல வேண்டும். சொல்லின் வரலாறு வேறு, உடல்நலம் வேறு என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிவிட்டுத்தான் விளையாடினோம்.

நான்காவது முருங்கை. எம், ஓ, ஆர், ஐ, என், ஜீ, ஏ. ‘மொரிங்கா’. மொத்தம் 60. தாவரவியலார் லத்தீன் பெயராக எடுத்துக்கொண்டது எங்கள் முருங்கையைத்தான். வேலியோரம் நின்று யாரும் கவனிக்காத இலை இப்போது தூளாக்கப்பட்டுப் போத்தலில் அடைத்து வெளிநாட்டுக் கடைகளில் விற்கப்படுகிறது. இரத்தச்சோகை உள்ள தாய்மாருக்குக் கிளினிக்கில் சொல்லும் கீரையும் இதுதான்.

ஐந்தாவது வெட்டிவேர். வீ, ஈ, ரீ, ஐ, வீ, ஈ, ஆர். ‘வெற்றிவர்’. மொத்தம் 63. தமிழிலிருந்து பிரெஞ்சுக்குப் போய், அங்கிருந்து ஆங்கிலத்துக்குப் போன சொல். பிரான்சில் வாசனைத் திரவியம் செய்பவர்கள் இந்தப் பெயரைத்தான் சொல்கிறார்கள்.

இவற்றைவிட நீண்டவையும் உண்டு. கட்டுமரம் ‘கற்றமரன்’ ஆனது. ஆனால் ஆங்கிலத்தில் இப்போது அந்தப் பெயர் இரட்டை உடல் கொண்ட பெரும் படகுக்கும் போகிறது. மரங்களைக் கட்டிக் கடலுக்குப் போனவனுக்கு அது புது விடயம். அணைக்கட்டு ‘அனிகட்’ ஆனது. குருந்தம் என்ற கல் ‘கொரண்டம்’ ஆனது, மாணிக்கமும் நீலக்கல்லும் அந்த இனம்தான். மிளகுத்தண்ணீர் ‘மல்லிகட்டோனி’ என்ற பன்னிரண்டு எழுத்துச் சூப் ஆனது. சிங்களத்திலிருந்து ‘தூர்மலின்’ என்ற இரத்தினக் கல்லின் பெயர் போனது. 2025இல் ஒக்ஸ்போர்ட் ஆங்கில அகராதி இலங்கை ஆங்கிலச் சொற்கள் பலவற்றைச் சேர்த்தபோது கொத்து ரொட்டியும் கிரிபத்தும் உள்ளே போயின. வாசல் இன்னும் திறந்துதான் இருக்கிறது.

வந்த சொற்களுக்கு யார் பயந்தார்?

சொற்கள் ஒரு பக்கம் மட்டும் போகவில்லை. யாழ்ப்பாணத்தைப் போர்த்துக்கேயர் 1619இல் பிடித்தார்கள். 1658இல் ஒல்லாந்தர் வந்தார்கள், 1795இல் ஆங்கிலேயர் வந்தார்கள். அவர்கள் எங்கள் சொற்களைக் கொண்டு போனார்கள், தங்கள் சொற்களை விட்டும் போனார்கள்.

குசினி, விறாந்தை, யன்னல், அலுமாரி, மேசை, கதிரை, வாங்கு, சப்பாத்து, பாண் எல்லாம் போர்த்துக்கேயம் வழியாக வந்தவை. கந்தோரும் கக்கூசும் ஒல்லாந்தர் விட்டுச் சென்றவை. எங்கள் பாட்டி குசினிக்குள் நின்றுகொண்டு, பாணை அலுமாரிக்குள் வை, யன்னலைச் சாத்து என்று சொல்லும்போது ஒரு வசனத்துக்குள் மூன்று அந்நியச் சொற்கள் வந்துவிடும். உச்சரிப்பு லிஸ்பனில் சொல்வதைப் போல இருக்கிறதா என்று ஒருவரும் கேட்டதில்லை. அவரும் கவலைப்பட்டதில்லை. தேவைக்கு எடுத்தார், தன் வாய்க்கு ஏற்ற மாதிரி மாற்றினார், பாவித்தார்.

ஆங்கிலேயரும் எங்கள் சொற்களை அப்படித்தான் மாற்றினார்கள். சுருட்டைச் செரூட் என்று சொன்னவனைப் பார்த்து எங்களில் எவரும் சிரித்து வீட்டுக்கு அனுப்பவில்லை. அப்படியிருக்க, எங்கள் பிள்ளை ஓர் ஆங்கிலச் சொல்லைக் கொஞ்சம் மாற்றிச் சொன்னால் மட்டும் ஏன் அது வாழ்நாள் அவமானமாக வேண்டும்? இந்தக் கேள்வியை நான் எங்கள் நிலையத்தில் கேட்டபோது, முன்பு சொன்ன தையல் பிள்ளையும் இருந்தாள். “அண்டைக்கு இது தெரிஞ்சிருந்தால் நானும் சிரிச்சிருப்பன் மிஸ்” என்றாள்.

சொற்களைச் சேர்ப்பது எங்கள் மண்ணுக்குப் புதிதல்ல. 1842இல் மானிப்பாயில் அச்சான தமிழ் அகராதி பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1862இல் மிரன் வின்ஸ்லோவின் தமிழ் - ஆங்கில அகராதி சென்னையில் வெளிவந்தது. 67,000க்கும் அதிகமான சொற்கள் கொண்ட அந்தப் பெருவேலை இங்கே யாழ்ப்பாணத்தில்தான் தொடங்கியது. வின்ஸ்லோவின் மனைவி ஹரியட் அம்மையார்தான் 1824இல் உடுவிலில் பெண் பிள்ளைகளுக்கான விடுதிப் பாடசாலையை ஆரம்பித்தவர். அந்த அகராதியை இப்போது இணையத்திலும் தேடலாம். தமிழ்ச் சொல்லுக்கு ஆங்கிலப் பொருள் பார்க்க இன்றும் உதவும்.

புள்ளி கொடுக்க மனம் வராத சொல்

எல்லாச் சொல்லும் இனிப்பானது அல்ல. பீ, ஏ, ஆர், ஐ, ஏ, எச் என்று ஆறு எழுத்துச் சொல் ஒன்று உண்டு. காய்களுக்கு 11 புள்ளி. சமூகத்தால் ஒதுக்கி வைக்கப்பட்டவர் என்று ஆங்கில அகராதி பொருள் சொல்கிறது. உலக நாடுகள் ஒதுக்கிவைத்த ஒரு நாட்டைக் குறிக்க ஆங்கிலப் பத்திரிகைகள் இன்றும் இதைச் சாதாரணமாக எழுதுகின்றன. எழுதுபவர்களில் எத்தனை பேருக்கு அது எங்கிருந்து வந்தது என்று தெரியுமோ? பறை என்ற இசைக்கருவியோடு தொடர்புடைய ஒரு மக்கள் பிரிவின் பெயர் அது. தமிழ்நாட்டுக் கடற்கரையில் வந்திறங்கிய ஐரோப்பியர் அந்த மக்களின் பெயரை மட்டும் எடுத்துப் போகவில்லை, எங்கள் சமூகம் அவர்களுக்குச் செய்த கொடுமையையும் சேர்த்துப் பொருளாக எழுதிக்கொண்டார்கள்.

இந்தச் சொல் ஒரு பின்னேரம் எங்கள் பலகையில் வந்தது. பொருள் சொல்ல வேண்டும் என்ற சட்டம் இருந்ததால் மேசையைச் சுற்றி மௌனம். அந்த மௌனம் நல்லதுக்கு என்று நினைக்கிறேன். இலங்கையில் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் 1957இல் வந்தது. அதற்குப் பின்பும் 1968இல் மாவிட்டபுரம் கோயில் வாசலில் உள்ளே போகும் உரிமைக்காக மக்கள் போராட வேண்டியிருந்தது. கிணற்றிலும் தேநீர்க் கடையிலும் நடந்தவற்றை வயது போன ஒருவர் சொன்னார். பிள்ளைகள் தலைகுனிந்து கேட்டார்கள். பாடப் புத்தகத்தில் பல தடவை படித்தும் உள்ளே போகாத விடயம் ஆறு காய்களால் உள்ளே போனது.

அந்தச் சொல்லுக்குப் புள்ளி எழுத வேண்டுமா என்று பிள்ளைகளே வாதாடினார்கள். வட அமெரிக்க ஸ்கிரபிள் வீரர்களின் சங்கம் 2020இல் இனம், மதம், பால் என்பவற்றை இழிவுபடுத்தும் இருநூறுக்கும் மேற்பட்ட சொற்களைத் தன் பட்டியலிலிருந்து நீக்கியது. பலகையில் சொல்லுக்குப் பொருள் இல்லை, எழுத்து மட்டும்தான் என்று சில வீரர்கள் அதை எதிர்த்தார்கள். எங்கள் நிலையத்தில் பெரும்பான்மையோர் சொன்ன முடிவு இது: புள்ளி வேண்டாம், ஆனால் பலகையிலிருந்து எடுக்கவும் வேண்டாம், ஆட்டம் முடியும்வரை கிடக்கட்டும், பார்த்துக்கொண்டிருப்போம். எனக்கு அது நியாயமாகப் பட்டது.

வீட்டிலேயே செய்யலாம்

கடைப் பலகை விலை கூடியது. நாங்கள் தடித்த மட்டையில் கீறிக்கொண்டோம். நீங்களும் செய்யலாம். 15க்கு 15 கட்டம் போடுங்கள். பழைய நாட்காட்டி மட்டையைச் சிறு சதுரங்களாக வெட்டி 100 காய்கள் செய்யுங்கள். ஈ 12, ஏயும் ஐயும் ஒன்பது வீதம், ஓ 8. என், ஆர், ரீ ஆறு வீதம். எல், எஸ், யூ, டி நான்கு வீதம். ஜீ 3. பீ என்று நாம் சொல்லும் இரண்டு எழுத்துகளும், சீ, எம், எப், எச், வீ, டபிள்யூ, வை ஆகியனவும் இரண்டு வீதம். கே, ஜே, எக்ஸ், கியூ, இசட் ஒவ்வொன்று. எழுத்தில்லாத வெறுங்காய் 2, அதை எந்த எழுத்தாகவும் வைத்துக்கொள்ளலாம், புள்ளி இல்லை.

புள்ளிகள் இவை: ஐந்து உயிரெழுத்துகளுக்கும் எல், என், எஸ், ரீ, ஆர் என்பவற்றுக்கும் 1. டி, ஜீ 2. இரண்டு பீ, சீ, எம் 3. எப், எச், வீ, டபிள்யூ, வை 4. கே 5. ஜே, எக்ஸ் 8. கியூ, இசட் 10. இதை ஒரு தாளில் எழுதிப் பலகையில் ஒட்டிவிடுங்கள். புள்ளி கூட்டும் வேலையைக் கணக்குப் பயப்படும் பிள்ளையிடம் கொடுங்கள், அதற்கும் நல்லது.

தமிழில் இப்படி விளையாட முடியாதா என்று சிலர் கேட்டார்கள். எங்கள் எழுத்துகள் 247. ஒவ்வொன்றுக்கும் ஒரு காய் வைத்தாலே பலகை கொள்ளாது. அதற்கு வேறு விதமான ஆட்டம் வேண்டும். அதைப் பற்றி யோசிக்கும் பிள்ளை ஒருத்தி உங்கள் வீட்டிலும் இருக்கக்கூடும்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். இந்த விளையாட்டால் மட்டும் ஆங்கிலம் பேச வந்துவிடாது. அதற்கு வாசிக்க வேண்டும், கேட்க வேண்டும், வாய்விட்டுக் கதைக்க வேண்டும். எங்கள் நிலையத்தில் எட்டு மாதத்தின் பின் நான் கண்ட மாற்றம் சிறியது. பிள்ளைகள் தெரியாத சொல்லைப் பார்த்ததும் பக்கத்தை மூடுவதில்லை, இது எங்கேயிருந்து வந்தது என்று கேட்கிறார்கள். கடந்த மாதம் ஒரு தாய் தன் வங்கிக் கடிதத்தை அயல்வீட்டுக்குக் கொண்டு போகாமல் மகளோடு உட்கார்ந்து அகராதி வைத்து வாசித்தார். இரண்டு மணித்தியாலம் எடுத்ததாம். அவருடைய கடன் கணக்கு அவருடைய வீட்டுக்குள்ளேயே இருந்தது.

அடுத்த இதழ் வருவதற்குள் ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் வீட்டில் உள்ள வயதில் மூத்த பெண்ணிடம் அவர் செய்த தொழிலின் சொற்கள் பத்தைக் கேட்டு எழுதுங்கள். ஒடியலும் பனாட்டும் போட்டவராக இருக்கலாம், வலை பின்னியவராக இருக்கலாம், புகையிலை உணர்த்தியவராக இருக்கலாம். அந்தச் சொற்களுக்கு ஆங்கிலத்தில் என்ன சொல்வது என்று மகளோடு தேடிப் பாருங்கள். கிடைக்காத சொற்களை எனக்கு எழுதி அனுப்புங்கள். அவற்றையும் இந்தப் பக்கத்தில் போடுவோம்.